நான்கு கதவு ஹெரால்டில் எதை மாற்றலாம், எதைத் தொடக் கூடாது

நீங்கள் கேட்டது இது. தாத்தா 1970-இல் புதிதாக வாங்கிய நான்கு கதவு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு பெரம்பூர் வீட்டு ஷெட்டில் பல வருடங்களாக ஓடாமல் நிற்கிறது. தெரிந்த மெக்கானிக் ஒருவர், "பழைய என்ஜினைத் தூக்கிவிட்டு மாருதி ஆம்னி என்ஜினை இறக்கலாம், ஏ.சி. போடலாம், அலாய் வீல் மாட்டி சிவப்பு அடித்துவிட்டால் தினமும் ஆபீசுக்கே ஓட்டலாம்" என்கிறார். பெரியப்பாவோ, "அப்பா வண்டி, ஒரு திருகைக்கூடக் கழற்றக் கூடாது" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

இருவர் பேச்சையும் முழுதாகக் கேட்காதீர்கள். மெக்கானிக் சொல்வதுபோலச் செய்தால் ஹெரால்டின் மேல்கூடு மட்டும் மிஞ்சும். பெரியப்பா சொல்வதுபோல விட்டால் அதுவும் மிஞ்சாது. சென்னையின் உப்புக் காற்றில் சும்மா நிற்கிற வண்டி தானாகப் பிழைப்பதில்லை.

மாற்றுவதா, காப்பதா என்று வண்டியை மொத்தமாக வைத்துக்கொண்டு கேட்டால் சண்டைதான் வரும். பாகம் பாகமாகக் கேளுங்கள். செய்த மாற்றத்தைப் பின்னால் சுவடு தெரியாமல் திருப்ப முடியுமா? பழைய பாகம் போய்விட்டால் வேறொன்று எங்காவது கிடைக்குமா? இரண்டுக்கும் ஆம் என்றால் தாராளமாக மாற்றுங்கள். இரண்டுக்கும் இல்லை என்றால் ஸ்பேனரைக் கீழே வையுங்கள். இடைப்பட்டவற்றுக்கு மட்டும்தான் யோசனை தேவை. பழைய வண்டிகளுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபீவா 2012-இல் ஏற்றுக்கொண்ட டூரின் சாசனமும் ஏறக்குறைய இதைத்தான் சொல்கிறது: மாற்றியே ஆக வேண்டுமானால் திருப்பக்கூடியதாக மாற்று, எதை மாற்றினாய் என்று எழுதி வை.

இதை உங்கள் வண்டிக்குப் பொருத்த வேண்டுமானால் அதன் பூர்வீகம் தெரிந்தாக வேண்டும். டிரையம்ஃப் ஹெரால்டு பிரிட்டனில் 1959-இல் வந்தது. வடிவமைத்தவர் இத்தாலியரான ஜொவான்னி மிக்கெலோட்டி. அந்நிறுவனத்துக்குக் கார் உடற்கூடுகளைச் செய்துகொடுத்த ஆலையைப் போட்டி நிறுவனம் வாங்கிவிட்டதால், அவர்கள் வேறு வழி தேடவேண்டி வந்தது. தனியாக ஒரு சேசிஸ், அதாவது அடிச்சட்டம், அதன்மேல் பல இடங்களில் அடித்து வாங்கிய தகடுகளைத் துண்டு துண்டாக போல்ட் போட்டுப் பூட்டுவது என்று முடிவெடுத்தார்கள். மற்ற கார்கள் சேசிஸையே கைவிட்டுக்கொண்டிருந்த காலத்தில் இது பழைய பாணிதான். ஆனால் பாகங்களாகக் கப்பலில் வரவழைத்துப் பூட்டுகிற நாடுகளுக்கு இதுவே வசதி. 1961-இலிருந்து நம் வண்டலூர்ப் பக்கம், ஜி.எஸ்.டி. சாலைத் தொழிற்சாலையில் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என்ற பெயரில் அது வெளிவந்தது. கல்கத்தாவுக்கு அம்பாசடர், பம்பாய்க்கு ஃபியட், மெட்ராசுக்கு ஹெரால்டு என்றிருந்த காலம் அது.

பிரிட்டனில் ஹெரால்டு கார் கடைசிவரை இரண்டு கதவோடுதான் விற்றது. முன்சீட்டை மடக்கி, பாட்டியைக் குனியவைத்துப் பின்னால் ஏற்றுவது நம் வீடுகளுக்குச் சரிப்படவில்லை. அதனால் 1960களின் பிற்பகுதியில் மார்க் 3 என்ற நான்கு கதவு ஹெரால்டை மெட்ராசிலேயே உருவாக்கினார்கள். அந்த வண்டி வேறெந்த நாட்டிலும் தயாராகவில்லை. உங்கள் ஷெட்டில் நிற்பது அதுதான்.

இதனால் உங்களுக்கு விளையும் நன்மையும் உண்டு, ஆபத்தும் உண்டு. சேசிஸ், என்ஜின், முன்பக்க சஸ்பென்ஷன், ஸ்டீயரிங், பிரேக் எல்லாம் ஸ்பிட்ஃபயர், விட்டெஸ் போன்ற டிரையம்ஃப் கார்களோடு ஒரே குடும்பம். ஸ்பிட்ஃபயரே ஹெரால்டின் சேசிஸைக் குறுக்கிச் செய்ததுதான். பிரிட்டனில் அந்தக் கார்களை ஓட்டுவோர் இன்னும் ஏராளம் என்பதால் இந்தப் பாகங்களைப் புதிதாகவே அடித்து விற்கிறார்கள். பணமும் சுங்கமும் கட்டினால் வந்துசேரும். ஆனால் பின்கதவு, அதன் கண்ணாடி, கண்ணாடியைச் சுற்றிய சட்டம், கதவின் உள்பலகை, நடுத்தூண் தகடு, இவையெல்லாம் இந்த ஊரில் செய்தவை. உலகத்தில் வேறெங்கும் தேடிப் பயனில்லை. புதுப்பேட்டையில் ஒரு காலத்தில் ஹெரால்டுக் கதவு சாத்திவைத்த கடைகள் உண்டு. இன்று போய்க் கேட்டால் கடைக்காரர் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார்.

ஆகவே மெக்கானிக் நினைப்பதற்கு நேர் எதிராக இருக்கிறது நிலைமை. அவர் "அரதப்பழசு" என்று தூக்கி எறிய நினைக்கும் என்ஜினுக்குப் பாகம் கிடைக்கும். அவர் "டிங்கரிங் பண்ணிப் பட்டி பார்த்துடலாம்" என்று அலட்சியமாகச் சொல்லும் பின்கதவுக்கு மாற்றுக் கிடையாது.

முதலில் வண்டி உண்மையில் எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். தாத்தா வாங்கிய நாளிலிருந்து ஒரே பெயிண்டா, நடுவில் யாராவது அடித்தார்களா? டாஷ்போர்டின் அடிப்பக்கம், டிக்கியின் உள்மூலை, கதவு உள்பலகையின் பின்புறம் ஆகிய இடங்களில் டார்ச் அடித்தால் தொழிற்சாலை நிறம் தெரிந்துவிடும். மறுபெயிண்ட் அடிப்பவர் யாரும் அங்கே கை வைப்பதில்லை. அடுத்தது காந்தம். ஃபிரிட்ஜில் ஒட்டும் சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக்கொண்டு, கதவின் கீழ்விளிம்பு, சக்கர வளைவு, ஹெட்லைட்டைச் சுற்றிய பகுதி என்று மெதுவாகத் தடவிக்கொண்டே போங்கள். தகடு இருக்குமிடத்தில் சட்டென்று இழுத்துப் பிடிக்கும். பிடி தளர்கிற இடத்தில் உள்ளே பட்டி. சுண்டுவிரல் அகலத்துக்கு விட்டால் கவலையில்லை. உள்ளங்கை அகலத்துக்கு விட்டால் அங்கே தகடே இல்லாமல் பட்டியாலேயே கதவு நிற்கிறது என்று அர்த்தம்.

பிறகு வண்டியின் அடியில் படுத்துப் பாருங்கள். சேசிஸிலிருந்து இரு பக்கமும் கைபோல நீளும் தாங்கிகள் உண்டு. உடற்கூடு அவற்றின் மேல்தான் அமர்ந்திருக்கிறது. ஹெரால்டில் முதலில் துருப்பிடிப்பவை அவைதான். ஸ்குரூ டிரைவரின் பின்புறத்தால் தட்டுங்கள். கணீரென்றால் நல்லது, சொத்தென்றால் வெல்டிங் வேலை காத்திருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளம் அந்த ஷெட்டுக்குள் வந்ததா என்று வீட்டில் கேளுங்கள். வந்திருந்தால் கியர் பாக்ஸ் எண்ணெயை வடித்துப் பார்க்கிறவரை வண்டியைத் தள்ளக்கூட வேண்டாம். எதற்கும், பேட்டரி வாங்கி மாட்டி "ஸ்டார்ட் ஆகிறதா பார்க்கலாம்" என்ற ஆசைக்கு மட்டும் இடம் கொடுக்காதீர்கள். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் சிறிது எண்ணெய் விட்டு, சில நாள் ஊறவிட்டு, கையால் சுற்றிப் பாருங்கள். சுற்றிவிட்டால் அந்த என்ஜினைத் தூக்க எந்த நியாயமும் இல்லை.

என்ஜின் பேச்சுக்கே வருகிறேன். ஹெரால்டின் 948 சிசி என்ஜின் ஒற்றை சோலெக்ஸ் கார்புரேட்டரோடு 34.5 குதிரைத்திறன் தருவது. ஆம்னியின் 796 சிசி என்ஜின் ஏறத்தாழ 35. அரைக் குதிரைக்காகவா இவ்வளவு வெட்டுவேலை? ஆம்னி என்ஜின் சொல்வதற்குக் காரணம் சக்தி இல்லை. பின்சக்கரத்துக்கு விசை அனுப்பும் அமைப்பு அதற்கு ஏற்கெனவே இருக்கிறது, பாகம் தெருவுக்குத் தெரு கிடைக்கிறது, மெக்கானிக்குக் கை பழகியது. அவருடைய வசதி அது. உங்களுக்கு அதனால் கிடைப்பது, வெட்டப்பட்ட என்ஜின் தாங்கிகள், மாற்றி வெல்டு செய்த கியர் பாக்ஸ் இருக்கை, நீளம் மாற்றிய புரொப்பெல்லர் ஷாஃப்ட். இவை திரும்ப முடியாத பாதைகள். கழற்றிய பழைய என்ஜின் "அப்புறம் எடுத்துக்கலாம் சார்" என்று ஒர்க்‌ஷாப் மூலையில் கிடந்து, ஒருநாள் எடைக்குப் போய்விடும். இப்படிப் போன ஒரு ஹெரால்டை எனக்குத் தெரியும். அப்பா மாற்றியதை மகன் பழையபடி ஆக்க ஆசைப்பட்டு, வேறொரு ஹெரால்டு என்ஜினையும் தேடிப்பிடித்துவிட்டார். அதன் எண்ணுக்கும் ஆர்.சி. புத்தகத்துக்கும் சம்பந்தமில்லை. வண்டி இன்னும் ஷெட்டில்தான்.

நிறைய சக்தி வேண்டுமென்றே ஆசையா? அதற்கும் குடும்பத்துக்குள்ளேயே வழி இருக்கிறது. பிரிட்டனில் இதே என்ஜினை 1147 சிசி, 1296 சிசி என்று வளர்த்தார்கள். இந்தியாவில் மட்டும் 948-இலேயே நின்றுவிட்டது. ஸ்பிட்ஃபயரின் 1296 சிசி என்ஜின் அதே தாங்கிகளில் உட்காரும், எதையும் வெட்ட வேண்டாம். ஆனால் ஹெரால்டின் பின்சக்கரங்கள் ஸ்விங் ஆக்சில் முறையில், அதாவது ஒவ்வொன்றும் தனித்தனியாக மேலும் கீழும் ஆடும்படி, தொங்குபவை. வளைவில் வேகமாகப் போய் சட்டென்று ஆக்சிலரேட்டரை விட்டால் பின்பக்கம் எழும்பி, சக்கரம் உள்பக்கமாக மடங்கும். 1970களில் இதற்கு அடுத்து வந்த ஸ்டாண்டர்ட் கெஸலில் இந்த முறையை எடுத்துவிட்டுச் சாதாரண ஆக்சில் வைத்தார்கள். பிரேக்கையும் பின்சஸ்பென்ஷனையும் தொடாமல் என்ஜினை மட்டும் பெரிதாக்குவது நான் யாருக்கும் சொல்லாத யோசனை.

என்ஜின் மாற்றம் என்றதும் நம் ஊர்த் தொழிற்சாலையின் கடைசிக் கதை நினைவுக்கு வருகிறது. 1985-இல் அவர்களே ரோவரின் நவீன உடலில், வான்கார்டு என்ற பழைய காரின் காலத்து, காலாவதியான என்ஜினை உட்காரவைத்து ஸ்டாண்டர்ட் 2000 என்று விற்றார்கள். மூன்றே வருடத்தில் உற்பத்தி நின்றுபோனது. அந்த என்ஜின் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் பெரும் பங்கு அதற்கு உண்டு.

சட்டத்தையும் பார்த்துவிடுவோம், ஏனென்றால் மெக்கானிக்குகள் இதைச் சொல்வதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவுப்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து ஆர்.சி. மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. என்ஜினை மாற்ற வேண்டுமானால் முன்கூட்டியே ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும். நிறத்தை மாற்றினாலும் ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். அனுமதியில்லாமல் என்ஜின் மாற்றிய வண்டி விபத்தில் சிக்கினால் இன்ஷூரன்ஸ் நிறுவனம் கைவிரிக்க அதுவே காரணமாகிவிடும்.

2021 ஜூலையில் வந்த மத்திய விதி ஒன்று உங்களுக்கு நேரடியாகப் பொருந்தும். முதல் பதிவிலிருந்து 50 வருடம் கடந்த, சேசிஸிலும் உடற்கூட்டிலும் என்ஜினிலும் பெரிய மாற்றம் செய்யாத வண்டியை விண்டேஜ் வாகனமாகப் பதிவு செய்யலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். பிறகு ஐந்து வருடங்களுக்கு ஒருமுறை 5,000 ரூபாய். புதிதாகப் பதிவாகும் வண்டிகளுக்கு 'விஏ' என்ற எழுத்துகளோடு தனி எண் வரிசை உண்டு; ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். உங்கள் தாத்தா வண்டியின் அந்தப் பழைய மூன்றெழுத்து எண்ணும் ஒரு சொத்துதான். ஆனால் இப்படிப் பதிவு செய்த வண்டியைத் தினசரி ஓட்டக் கூடாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போட, பழுதுபார்க்க என்று சில காரணங்களுக்கு மட்டும் சாலைக்கு வரலாம்.

இப்போதைக்கு அதற்கு அவசரப்படாதீர்கள் என்பது என் அபிப்பிராயம். சாதாரணப் பதிவையே புதுப்பித்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் விரும்பிய இடத்துக்கு ஓட்டும் சுதந்திரத்தை வைத்துக்கொள்ளுங்கள். புதுப்பிக்கும் கட்டணம் 2022-இல் 600-லிருந்து 5,000 ரூபாயானது. 20 வருடம் தாண்டிய கார்களுக்கு 2025-இல் 10,000 ஆக்கிவிட்டார்கள், வலிக்கும்தான். ஆனாலும் என்ஜினையும் உடலையும் கெடுக்காமல் வைத்திருந்தால் விண்டேஜ் பதிவின் கதவு என்றைக்கும் திறந்திருக்கும். ஆம்னி என்ஜின் ஏறிய அன்றே அது மூடிவிடும்.

நான் தயங்காமல் மாற்றச் சொல்பவை எவை என்றால், பார்வைக்குத் தெரியாதவையும் உயிரைக் காப்பவையும். பெட்ரோல் குழாய்களும் பம்ப்பின் டயாபிரமும் முதலில். இன்று பங்க்கில் ஊற்றுவது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். 1970-இன் ரப்பர் அதைத் தாங்காது. ஊறி, வெடித்து, சூடான என்ஜின் மேல் சொட்டும். எத்தனால் தாங்கும் குழாய் மீட்டர் கணக்கில் கிடைக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுப்பது, ஆகவே டேங்கைக் கழற்றி உள்ளே துருவை எடுத்தே ஆக வேண்டும். பிரேக்கில் மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர், ரப்பர் குழாய் எல்லாமே புதிது. முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் வேண்டுமானால் ஸ்பிட்ஃபயருடையது போல்ட்டிலேயே பொருந்தும். கழற்றிய டிரம்மைக் கிரீஸ் தடவிப் பரணில் வையுங்கள். இக்னிஷனில் பாயிண்ட், கண்டென்சருக்குப் பதிலாக டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள்ளேயே அடங்கும் எலெக்ட்ரானிக் கிட் போடலாம். வேண்டாமென்றால் கால் மணி நேரத்தில் பழையபடி ஆகிவிடும். வயரிங்கின் துணி உறை உதிர்ந்திருந்தால் மொத்தமாக மாற்றுங்கள், ஃபியூஸ் கூடுதலாக வையுங்கள். சீட் பெல்ட்டுக்காகத் தளத்தில் நான்கு துளை போட வேண்டியிருக்கும். அது திருப்ப முடியாத மாற்றம்தான், ஆனாலும் போடுங்கள். அசல்தன்மை பற்றி எவ்வளவு பேசினாலும், குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ஜி.எஸ்.டி. சாலையில் லாரிகளுக்கு நடுவே போகிற வண்டி அது.

இதில் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் ஹெரால்டுகளைக் கவிழ்த்தது பெரும்பாலும் இதுதான். பானெட்டைத் திறந்து பாருங்கள், ஹெரால்டில் முகப்பு முழுவதும், மட்கார்டோடு சேர்ந்து, முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும். முன்டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு வேலை பார்க்கலாம், அந்தச் சுகம் மற்ற கார்களில் அபூர்வம். அங்கே உட்கார்ந்து குனிந்து பார்த்தால் சக்கரத்தைப் பிடித்திருக்கும் செங்குத்தான இரும்புத் தண்டு தெரியும். அதன் கீழ்முனையில் மரை வெட்டியிருக்கும்; அந்த மரை ஒரு பித்தளைக் கட்டிக்குள் திருகி உட்கார்ந்திருக்கும். இதற்கு டிரன்னியன் என்று பெயர். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் தண்டு அந்த மரையிலேயே சுழல்கிறது. அதற்கு ஊட்ட வேண்டியது கிரீஸ் இல்லை, 90 எண் கியர் ஆயில். கிரீஸ் அடித்தால் மேலாகத் தங்கிவிடும், மரையின் அடிவரை இறங்காது. அடியில் தண்ணீர் புகுந்து இரும்பு அரித்து, என்றோ ஒருநாள் மெதுவாகத் திரும்புகையில் தண்டு முறிந்து முன்சக்கரம் மடங்கிப் படுத்துவிடும். சர்வீஸுக்கு விட்ட இடத்திலெல்லாம் கிரீஸ் கன்னை வைத்து அழுத்தியிருப்பார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கத் தண்டுகளையும் டிரன்னியன்களையும் புதிதாக வரவழைத்துப் போட்டுவிட்டுத்தான் வண்டியைத் தெருவில் இறக்க வேண்டும். மெக்கானிக்கிடம் "டிரன்னியனுக்கு என்ன போடுவீர்கள்" என்று கேளுங்கள். "கிரீஸ்" என்றால் வேறு ஆளைத் தேடுங்கள்.

ஏ.சி. போடாதீர்கள். ரசனை பற்றிய பேச்சே இல்லை இதில், கணக்குதான். டைனமோ தருவது ஏறத்தாழ 20 ஆம்பியர். இரவில் ஹெட்லைட்டும் மழைக்கு வைப்பரும் ஓடினாலே பெரும்பகுதி போய்விடும். கம்பிரஸர் வேறு 34.5 குதிரைகளில் சிலவற்றை இழுத்துக்கொள்ளும். ஆகவே ஏ.சி.க்காக ஆல்டர்னேட்டர், அதைத் தாங்கப் பெரிய ரேடியேட்டர், டாஷ்போர்டை அறுத்து வென்ட் என்று ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். மே மாதப் பகலில் அந்தக் காரை எடுக்காதீர்கள், அவ்வளவுதான். ஆபீசுக்கு மெட்ரோ இருக்கிறது. ஆல்டர்னேட்டர் மட்டும் தனியாகப் போடுவதில் தவறில்லை, அதே தாங்கியில் மாட்டலாம். ரேடியேட்டருக்குப் புதுக் கோர் போட்டு, ஒரு மின்விசிறியும் சேர்த்தால் சிக்னலில் கொதிக்காது.

அலாய் வீலைப் பற்றி எனக்கு உணர்ச்சியே கிடையாது. போல்ட்டைக் கழற்றினால் போயிற்று. பழைய ரிம்மை விற்காமல் இருந்தால் சரி. சக்கரம் 13 அங்குலம் என்பதால் ரேடியல் டயரும் சுலபமாகக் கிடைக்கும்.

பெயிண்டில்தான் நான் பெரியப்பா பக்கம். தொழிற்சாலை பெயிண்ட் முக்கால்வாசி மிஞ்சியிருந்தால், மங்கியிருந்தாலும், சிராய்த்திருந்தாலும், அதைச் சுரண்டிவிடாதீர்கள். அந்தப் பெயிண்டைத் திரும்ப அடிக்க முடியாது. அடித்தால் அது 2020களின் பெயிண்ட். மெழுகும் பொறுமையும் போதும், பாதி பளபளப்பு திரும்பிவிடும். துருப்பிடித்த இடத்தை மட்டும் சுரண்டி, துருவைத் தடுத்து, பொருந்தும் நிறம் பூசுங்கள். உள்ளே ரெக்சின் சீட் கிழிந்திருந்தால் கிழிந்த தையலை மட்டும் தைக்கச் சொல்லுங்கள். மொத்தமாக உரித்துப் புது உறை போடுகிறவர் பழையதைக் குப்பையில் எறிந்துவிடுவார். நடுவில் யாரோ மோசமாக மறுபெயிண்ட் அடித்திருந்தால் கதை வேறு. அப்போது எடுத்துவிட்டு, டாஷ்போர்டின் அடியில் கண்ட நிறத்தையே அடியுங்கள். சிவப்பு ஆசை இருந்தால் வேறு வண்டி வாங்கி அதற்கு அடியுங்கள்.

தாத்தா தானே சேர்த்தவை ஏதாவது இருக்கிறதா? டாஷ்போர்டில் குட்டி மின்விசிறி, பின்கண்ணாடிக்குத் திரை, அந்தக் காலத்து ரேடியோ? தொழிற்சாலையில் வந்தவை இல்லை என்று அவற்றைக் கழற்றச் சொல்லும் பண்டிதர்கள் உண்டு. கேட்காதீர்கள். அதுவும் அந்த வண்டியின் வரலாறுதான்.

பெரியப்பாவிடம் ஒன்றைத்தான் சொல்ல வேண்டும். பூட்டிவைத்தால் வண்டி அப்படியே இருக்கும் என்பது உண்மையில்லை. பிரேக் சிலிண்டர் இறுகும், பெட்ரோல் கோந்தாகும், சீல்கள் காய்ந்து எண்ணெய் கசியும். பிளாஸ்டிக் தார்ப்பாய் போட்டு மூடுவது எல்லாவற்றிலும் மோசம். தரையின் ஈரம் ஏறி அதற்குள்ளேயே வியர்த்து, கூரையில் துரு பூக்கும். பருத்தித் துணி போதும், காற்று உள்ளே போய் வரட்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது என்ஜின் நன்றாகச் சூடேறும்வரை ஓட்ட வேண்டும். ஷெட்டுக்குள்ளேயே ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பது சைலன்சரை அரிப்பதற்குத்தான் உதவும்.

இவ்வளவும் உங்கள் வண்டி முழுதாக இருக்கிறது என்ற நம்பிக்கையில் சொன்னவை. சேசிஸ் இற்றுப்போய், என்ஜின் ஏற்கெனவே மாறி, கதவுகளில் பட்டி மட்டுமே இருக்கிறது என்று தெரிந்தால் என் பதில் மாறும். அப்போது காப்பதற்கு அதில் அதிகம் இல்லை. மீட்பதற்கு ஆகும் செலவு, முடிந்தபின் வண்டி போகும் விலையைத் தாண்டிவிடும். மனதுக்குப் பிடித்ததுபோல மாற்றி ஓட்டுங்கள், அல்லது இன்னொரு நான்கு கதவு ஹெரால்டை மீட்டுக்கொண்டிருப்பவருக்குக் கதவுகளுக்காகக் கொடுத்துவிடுங்கள். எது என்று தெரியாவிட்டால் மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டரிங் கிளப்பின் கார் கண்காட்சி நடக்கும்போது போய்ப் பாருங்கள். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் தங்கள் வண்டியைப் பற்றிக் கேட்டால் சோறு தண்ணீர் மறந்து பேசுவார்கள். மாற்றிய வண்டியையும் மாற்றாததையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபின் உங்கள் கண்ணே பாதி முடிவெடுத்துவிடும்.

வேலையைத் தொடங்கும் முன் ஒரு நாள் முழுக்க ஒதுக்கிப் போட்டோ எடுங்கள்: ஒவ்வொரு வயரும் எங்கே போகிறது, ஒவ்வொரு கிளிப்பும் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று தெரியும்படி. கழற்றும் ஒவ்வொன்றையும் சிறு பையில் போட்டுப் பெயர் எழுதுங்கள். ஒர்க்‌ஷாப்பில் எதையும் விட்டுவராதீர்கள்.

கடைசியாக ஆர்.சி. விஷயம். அது இன்னும் தாத்தா பெயரில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். உரிமையாளர் இறந்த 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31-இல் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பித்திருக்க வேண்டும். அது தவறிவிட்டதால் தாமதத்துக்கு அபராதம் வரும், வேலை நின்றுவிடாது. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் ஆட்சேபனையின்மைக் கடிதம் எல்லாம் கேட்பார்கள். பதிவைப் புதுப்பிப்பதும் மற்றதும் இதற்குப் பிறகுதான். அந்த வாரிசுகளில் முதல் கையெழுத்து பெரியப்பாவுடையது என்பதால், கடிதத்தோடு அவரிடம் போகும் நாளில் ஆம்னி என்ஜின் பேச்சை எடுக்காதீர்கள். டிரன்னியனைப் பற்றிப் பேசுங்கள்; அந்தக் காலத்தில் ஹெரால்டு ஓட்டியவராக இருந்தால் அவருக்கே ஒரு கதை தெரிந்திருக்கும்.